புகார்ப் பதிவேடு

எங்கள் முதல் முத்திரையை வரைந்தது ஒரு தச்சர் பென்சில்.
தோட்டப்பாளையத்தில் எட்டுக்குப் பத்து கடை,
தரையில் பழைய காலண்டரின் பின்பக்கம்,
அதன்மேல் அணைக்கட்டு சின்னக்குழந்தையின் வலது கால்.
சுற்றிக் கோடு இழுத்தவர் ஏசுபாதம்.
பெயரைப் பார்த்துத் தொழில் வந்ததா,
தொழிலைப் பார்த்துப் பெயர் வைத்தார்களா என்று
கேட்காத வாடிக்கையாளர் இல்லை.
நான் கணக்கு. முதல் இருபதாயிரமும் நான்தான்.

மெத்தென்ற கறுப்பு ரப்பர், குதிகாலுக்கு ஒரு வார்.
சர்க்கரை தின்ற கால்கள், மரத்துப்போன கால்கள்.
ஆணி அடிப்பதில்லை.
குத்தினாலும் தெரியாதவர்கள் போடுவது.

அச்சகத்தில் ஏதாவது படம் கொடுங்கள் என்றார்கள்,
காலண்டர் தாளைக் கொடுத்தோம்.
நான்கு விரல். இரண்டாவது இருந்த இடத்தில்
பல் விழுந்த பிள்ளை சிரிப்பதுபோல் ஒரு சந்து.

வாசல் பலகையில் தமிழ், அதன்கீழ் வங்காளம்.
எழுதிய வாலாஜாக்காரருக்கு அந்த மொழி தெரியாது.
ஆஸ்பத்திரிக்கு வந்த கொல்கத்தாக்காரர்கள்
நின்று படிப்பார்கள், சிரிப்பார்கள், உள்ளே வருவார்கள்.
என்ன எழுதியிருக்கிறது என்று
இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

பிறகு சத்துவாச்சாரியில் ஷெட். பதினாறு பேர்.
கட்டக், ராஞ்சி, மேதினிப்பூர்.
கடன் கேட்டுப் போன வங்கியில்
"உங்க பிராண்டு என்ன?" என்றார் மேனேஜர்.
ஏசுபாதம் தன் பெயரைச் சொன்னார்.
"அது உங்க பேரு. பிராண்டு?"

வாணியம்பாடியிலிருந்து ஹுமைரா வந்தாள், லேப்டாப்போடு.
கெட்டிக்காரி. சொன்னதெல்லாம் சரி.
பெயர் நீளம். பெட்டிக்குப் பெட்டி வேறு பச்சை.
"பஸ்ல மடியில வெச்சிட்டுப் போக
வெட்கப்படாத பெட்டியா இருக்கணும் மேடம்."
நான் மறுபேச்சு பேசவில்லை.
செய்தித்தாளில் சுற்றிக் கொடுங்கள் என்று
எத்தனை பேர் மெதுவாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஏசுபாதம் அண்ட் கோ, 'யேபா' ஆனது.
ஏசுவில் பாதி, பாதத்தில் பாதி.
தையல் பக்கம் தெய்வானை
அன்று முழுக்க எல்லாரையும்
யேப்பா, யேப்பா என்றே கூப்பிட்டாள்.

பெட்டிகள் வந்து இறங்கின, பத்தாயிரம்.
வெள்ளையில் நீலம். நடுவில் கால்,
ஒரே கோட்டில், வழுவழுவென்று.
ஐந்து விரல்.
"பழைய ஸ்கேன்ல ஒண்ணு விட்டுப்போயிருந்தது,
சரி பண்ணிட்டேன்."
ஏசுபாதம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பத்தாயிரம் பெருக்கல் பதினான்கு,
பெருக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

சின்னக்குழந்தை எட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார்.
பங்குனி வெயிலில் வந்தார்.
மூடியின்மேல் விரல்விட்டு எண்ணினார்.
"யாரு காலு இது?"
ஷெட்டில் மின்விசிறி மட்டும் ஓடியது.
"நல்லாத்தான் இருக்குது."
பழைய ஜோடியைப் புதுப் பெட்டியில் போட்டு
புதியதை மாட்டிக்கொண்டு
மூன்றரை மணி பஸ்ஸுக்கு நடந்தார்.

செருப்பின் உட்புறம் பதிகிற இரும்பு அச்சை மட்டும்
மாற்றவில்லை. பாசம் என்று நினைத்துவிட வேண்டாம்,
புது அச்சு இருபத்திரண்டாயிரம்.
அடுத்த காலாண்டு என்று குறித்து வைத்திருந்தேன்.
ஆகவே வெளியே ஐந்து,
மிதிக்கிற இடத்தில் நான்கு.

நேற்று மேதினிப்பூரிலிருந்து போன்.
பாதி இந்தி, பாதி கோபம்.
பெட்டியில் ஒரு கால், செருப்பில் வேறு கால்,
டூப்ளிகேட்டா?
அசல்தான் என்றேன். நம்பவில்லை.
படம் அனுப்பினார். செருப்புக்குப் பக்கத்தில்
அவர் காலும் விழுந்திருந்தது.
அதை நான் எண்ணவில்லை.

வளர்கிற கம்பெனிக்கு அவசியம் என்று
ஹுமைரா வாங்கி வைக்கச் சொன்ன பதிவேட்டில்
இதுதான் முதல் பக்கம்.
குறை: ஒரு விரல்.
நடவடிக்கை என்ற கட்டத்தில்
பேனா நிற்கிறது.
உள்ளே அச்சு இறங்குகிறது,
இடது, வலது,
இடது.