பதினைந்தரைக் கழுத்து

வெள்ளிக்கிழமை ராய்ஸ்டனை அடக்கம் செய்கிறார்கள்.
பதினோரு வருஷம் என் கணவன்,
பிறகு இருபத்தெட்டு வருஷம் டோரீனுடையவன்.
விதவை நானில்லை.
யாரோ எவளோவும் இல்லை.
இரண்டுக்கும் நடுவில் நிற்க
ஒரு துணி வேண்டும்,
கை வைத்தது.
அவ்வளவுதான் கேட்டேன்.

ஹெரிஃபோர்டு கடைத்தெருவில் நவம்பர் மழை,
பெய்யவும் இல்லை, விடவும் இல்லை.
பெரிய துணிக்கடை இருந்த கட்டடத்தில்
இப்போது குழந்தைகள் எம்பிக் குதிக்கிறார்கள்,
மணிக்கு ஒன்பது பவுண்டு.
அங்கே மூன்றாம் மாடியில் மிஸஸ் ஆட்லி இருந்தாள்.
கழுத்தில் அளவுநாடா, வாயில் குண்டூசி.
ஊசியை எடுக்காமலே சொல்வாள்:
"உனக்கு மஞ்சள் ஆகாது, கண்ணு."
இன்றுவரை நான் மஞ்சளைத் தொட்டதில்லை.

முதல் கடையில்
சட்டைக்கெல்லாம் தோளில் ஓட்டை.
எலி கடித்ததா என்றேன்.
"அதான் டிசைன்" என்றாள் அந்தப் பெண்.
கேசியா என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்தாள்,
பத்தொன்பது இருக்கும்,
காலையிலிருந்து நின்றதில் கணுக்கால் வீங்கியிருந்தது.
அவள்மேல் கோபமில்லை.
யார்மேல் என்று தெரியாததுதான் கோபம்.

அடுத்த கடையில் நான் பதினாறு.
எதிர்க் கடையில் இருபது.
தெருவைக் கடப்பதற்குள் நான்கு ஏறிவிட்டேன்,
ஒரு பன்கூடத் தின்னாமல்.

போட்டுப் பார்க்கும் அறையில்
திரையை இந்தப் பக்கம் இழுத்தால்
அந்தப் பக்கம் திறக்கிறது.
உச்சந்தலையில் விளக்கு,
திருட்டுக் கேஸில் பிடித்து வந்த மாதிரி.
மூன்று கண்ணாடிகளில் என் முதுகு.
பார்த்து எத்தனையோ வருஷம்;
எனக்குத் தெரியாமல் அது
வேறு யாருடனோ வாழ்ந்து வந்திருக்கிறது.
கவுன் தலையில் மாட்டிக்கொண்டது.
இருட்டுக்குள் நின்று ஏவ்ரிலைக் கூப்பிட்டேன்.
கடைப் பாட்டின் இடி தாங்காமல்
அவள் காதுக் கருவியை அணைத்து வைத்திருந்தாள்.

நான்காவதில், மூலையில், எங்களுக்கென்றே ஒரு கம்பி.
எல்லாம் ஓட்ஸ் கஞ்சி நிறம்.
இல்லையென்றால் பூ, பூ, பூ,
சோபா உறைக்குத் தைத்ததில் மிச்சம்.
பாக்கெட் தெரிந்தது. விரலை விட்டேன்.
தைத்து மூடியிருந்தது.
இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவள் நான்.
சீருடையில் ஆறு பாக்கெட்:
சாவிக்கு, சில்லறைக்கு, பென்சிலுக்கு,
இருமல் மிட்டாய்க்கு,
மற்ற இரண்டும் கை விட்டு நிற்க.
எழுபத்தொரு வயதில்
இவளுக்கு வைத்துக்கொள்ள என்ன இருக்கும் என்று
யார் உட்கார்ந்து முடிவு செய்தது?

"ஆப்பில் எல்லா அளவும் இருக்கு, மேடம்."
தொட்டுப் பார்க்காமலா?
நேரில் பார்த்துக் கட்டியவனே அந்த லட்சணம்,
போட்டோவை நம்பி எதை வாங்க?

நகரும் படி தப்பான தளத்தில் இறக்கிவிட்டது.
ஆண்கள் பகுதி.
பாட்டுகூட அங்கே தணிந்த குரலில்.
சட்டைக்கு மணிக்கட்டு வரைக்கும் கை.
பாக்கெட், நிஜமாகவே பாக்கெட்.
அளவு அங்குலத்தில்;
ஒரு கடையில் பதினைந்தென்றால்
ஊரெல்லாம் பதினைந்துதான்.
கருநீலத்தில் ஒன்றைக் கை தானாக எடுத்தது.
கழுத்து பதினைந்தரை.
பதினோரு கிறிஸ்துமஸுக்கு
நான் வாங்கி மடித்துக் கட்டிய அளவு.

போட்டுப் பார்த்தேன்.
எனக்குச் சரியாக இருந்தது.
பொத்தான்தான் பக்கம் மாறி விரலைக் குழப்பியது;
எதிரே நின்று இன்னொருவருக்குப் போட்டுவிட்டால்
தடுமாறாத பக்கம் அது.

"ஆம்பிளைச் சட்டை" என்றாள் ஏவ்ரில்.
"ஆமாம்."
"அவன் அடக்கத்துக்கா, பாவி?"
"பாக்கெட் இருக்கு" என்றேன்.

கழற்றாமலே வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.
புது டிரைவர், ஒரு பள்ளத்தையும் விடவில்லை.
கிழவிகளுக்கான ஓசிப் பாஸைப் பாக்கெட்டில் போட்டேன்.
அப்புறம் ஒரு கைக்குட்டை.
வெள்ளிக்கிழமை அது தேவைப்படாது
என்றுதான் நினைக்கிறேன்.
இடம் இருக்கிறதே,
இருந்துவிட்டுப் போகட்டும்.