தொடக்கச் சொத்து

சன்னலுக்குக் கீழே எல்பே ஆறு
பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.
ஓதம் ஏறும் நேரம். ஹாம்பர்க்கில் ஆறு
நாளுக்கு இருமுறை மனம் மாறும்.

நான் மதிப்பீட்டாளன். மணிக்கு இருநூற்று எண்பது யூரோ.
கிழக்குப் பகுதியிலிருந்து ஒரு காப்பி வந்தது,
மேற்குப் பகுதியிலிருந்து இன்னொன்று.
இரண்டையும் குடித்தேன்.
நடுநிலை என்பது வயிற்றுக்கு ஆகாது.

இந்த நாட்டுச் சட்டம் எதையும் அறுத்துப் பங்கிடுவதில்லை.
ஒரு கழித்தல் கணக்கு கேட்கிறது, அவ்வளவுதான்:
மனு கைக்கு வந்த நாளில் எவ்வளவு,
மணம் முடித்த நாளில் எவ்வளவு.
இடையில் பெருகியதில் மட்டும் சரிபாதி.

இறுதிச் சொத்து எழுதுவதில் சிரமமில்லை.
ஒன்பது கப்பல்கள், மூன்று லைபீரியக் கொடியில்.
மயோர்காவில் எலுமிச்சை மரங்களோடு ஒரு வீடு,
போன வருடம் யாரும் போகவில்லை,
பழம் பறித்தவருக்கு மட்டும் சம்பளம் போயிருக்கிறது.
பங்குகளை விற்றுப் பிரித்தால் கம்பெனி சாயும்,
சாய்ந்தால் பிரிக்க ஒன்றும் இராது;
ஆகவே இருவரும் ஒருவரையொருவர்
மூழ்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்,
வக்கீல்கள் வழியாக.

தகராறெல்லாம் தொடக்கச் சொத்தில்.
அன்று எவ்வளவு கூடுதலாக இருந்ததோ
இன்று கொடுக்க வேண்டியது அவ்வளவு குறையும்.
பட்டியல் இல்லையென்றால்
பூஜ்யம் என்றே கொள்ளும் சட்டம்.
பட்டியல் இல்லை.
இருபத்து மூன்று வயதில் யார் போடுவார் பட்டியல்?

முப்பத்தெட்டு வருடமாக விருந்துகளில் சொன்ன கதை
இந்தக் கரையில் எல்லோருக்கும் மனப்பாடம்:
ஒன்றுமில்லாமல்தான் தொடங்கினோம்.
அல்டோனாவில் ஒற்றை அறை,
சன்னலைத் திறந்தால் மீன் வாடை,
சூப்புக்கும் காப்பிக்கும் ஒரே பாத்திரம்,
தரையில் ஒரு மெத்தை.
ஒருவர் தொடங்குவார், மற்றவர் முடிப்பார்.
கேட்டவர்கள் கண் கலங்கிக் கோப்பை உயர்த்துவார்கள்.

அந்த வறுமையை இப்போது
இருவருமே மறுக்கிறார்கள்.

என்னிடம் இழுவைப் படகு இருந்தது என்கிறார் ஹௌகே.
இருந்தது, எஞ்சின் இல்லாமல் என்கிறார் வீப்கே.
என்னிடம் பியானோ இருந்தது என்கிறார் வீப்கே.
உன் அத்தையுடையது என்கிறார் ஹௌகே,
மார்ச்சில் திருப்பிக் கொடுத்தோம்,
நாலு மாடி நான்தான் இறக்கினேன்,
இன்றைக்கும் மழை வந்தால் முதுகு சொல்லும்.

கல்யாணப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.
மணமகள் தோளில் நரித்தோல் மேலங்கி. இரவல்.
மணமகன் கையில் தங்கக் கடிகாரம். அதுவும் இரவல்.
படம் எடுத்த கையோடு
தோழன் ஓக்கோ கழற்றி வாங்கிக்கொண்டானாம்.
கடிகாரத்தைச் சொன்னது வீப்கே.
மேலங்கியைச் சொன்னது ஹௌகே.

ஓக்கோ இல்லை. அத்தை இல்லை.
அல்டோனாவின் அந்தக் கட்டிடமே இல்லை.
வீப்கே ஏழையாக இருந்ததற்கு
உலகில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி ஹௌகே.
ஹௌகேவுக்கு வீப்கே.
எதிர்ச் சாட்சி என்று குறித்துக்கொண்டேன்,
அந்தக் கட்டத்தில் வேறு சொல் பொருந்தவில்லை.

மெத்தை, என்றேன். அது யாருடையது?

வக்கீல்கள் காகிதத்தைப் புரட்டினார்கள்.
இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.
யாருடையது என்று யாரும் சொல்லவில்லை.
ஒரு கம்பி சுருள் துணியைக் கிழித்து
விலாவில் குத்துமாம்.
குத்துகிற பக்கம் நான்தான் படுத்தேன் என்றார் ஹௌகே.
பொய், நான்தான் என்றார் வீப்கே,
நீ தூங்கியதும் உருட்டிவிட்டு இடம் மாறுவேன்,
உனக்குத் தெரியாது.

டாக்டர் ரைமர்ஸ் ஆட்சேபித்தார்.
எதை ஆட்சேபிக்கிறார் என்று அவருக்கே விளங்கவில்லை.

நான் எழுதினேன்:
மெத்தை, ஒன்று. உரிமை தெளிவில்லை.
சந்தை மதிப்பு இல்லை.

நாற்பது நிமிடம் அதிலேயே போனது.
பில்லில் சேர்த்திருக்கிறேன்.