கலியபெருமாள், பேஸ் கிட்டார்

நேரலை முடிந்து கீழே இறங்கியதும்
தனபாக்கியம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.
வானொலிக்குப் போக
பட்டுச்சேலை எதற்கு என்று ராவுத்தர் கேட்டார்.
"குரலுக்கு" என்றாள்.

கோப்பிக் கடையில் மூன்று கோப்பி.
எனக்குச் சீனி ஆகாது, அவருக்குப் பால் ஆகாது,
அவளுக்கு இரண்டும் கூடுதலாக.
மேசையில் எங்கள் புது இசைத்தட்டு,
இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு.
இருநூறு பிரதி அடித்தோம்.
என் பங்கு மசேநியிலிருந்து வந்தது என்பது
வீட்டில் இன்னும் தெரியாது.

அறிவிப்பாளன் நல்ல பையன்தான்.
"மூத்த கலைஞர்கள்" என்று ஒன்பது முறை சொன்னான்.
ராவுத்தர் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணினாராம்.
கலைப்பயணம் எப்படித் தொடங்கியது என்றான்.
அவள் முருகனைச் சொன்னாள், அப்பாவைச் சொன்னாள்.
உண்மையில் தொடங்கியது
செம்பவாங் கப்பல் பட்டறை விருந்தொன்றில்.
பாட வேண்டியவளுக்குக் காய்ச்சல்.
இவள் பரிமாற வந்திருந்தாள்.

பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை சமூக மன்றம்.
ஜூரோங்கில் மழை இறங்கி
ஆம்ப்ளிஃபையர் புகைந்த இரவு
ராவுத்தர் டிரம்ஸை மட்டும் வைத்துக்கொண்டு
அரைமணி நேரம் கூட்டத்தைக் கலையவிடாமல் நிறுத்தினார்.
"இருபது நிமிஷம்தான்" என்கிறார் இப்போது.
"முக்கால் மணி" என்கிறாள் அவள்.
இந்த ஒரு கணக்கில் மட்டும்
மூவருக்கும் இதுவரை தாளம் சேரவில்லை.

பகலில் அவர் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டினார்.
அவள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கிண்டினாள்.
நான் தண்ணீர் மீட்டர் பார்த்தேன், மாடி மாடியாக.
குழாய்க்குள் ஓடும் நீருக்கு ஒரு சுருதி உண்டு.
கேட்டால்தான் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

எழுபத்தெட்டில் ஒரு சின்னத் தட்டு போட்டோம், நான்கு பாட்டு.
அட்டையில் அவள் படம்.
பின்னால் டிரம்ஸ், ராவுத்தர்.
என் பெயர் வரவேண்டிய இடத்தில்
அச்சகத்தின் முகவரி.

இந்தத் தட்டு உபியில் பதிவானது,
கார் பட்டறைக்கு மேலே மூன்றாம் மாடியில்.
கீழே எவனோ சக்கரத்தைத் தட்டினால்
மேலே நாங்கள் நிறுத்தவேண்டும்.
ஒலிப்பதிவுப் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"அங்கிள், மூணாவது பாட்டுல டிரம்ஸ் கொஞ்சம் பின்தங்குது.
நேராக்கிடவா?"
எனக்கு மூச்சு நின்றது.
ராவுத்தர் கொட்டாவி விட்டபடி
"நேராக்கும்மா, அதுக்குத்தானே காசு" என்றார்.

நேராக்கினாள். கேட்டோம்.
கோடு போட்டு அடித்தது போல இருந்தது.
ஆனால் நான் அவரை விட்டு விலகியதே இல்லை.
அவர் எங்கே தயங்கினாரோ அங்கேதான் நானும் தயங்கியிருந்தேன்.
இப்போது அவர் நேரத்துக்கு வந்துவிட்டார்.
பின்தங்கி ஒலிப்பது நான் ஒருவன்தான்.

"உங்களோடதையும் இழுத்துடவா அங்கிள்?"
வேண்டாம் என்றேன்.
காரணம் கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

இன்றும் அப்படித்தான் விழித்தேன்.
நிகழ்ச்சி முடிய அரை நிமிடம் இருக்கையில்
பையன் என் பக்கம் திரும்பினான்.
"நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா, ஐயா?"
செய்திக்கான மணி ஒலித்தது.
"வணக்கம்" என்றேன், போகிறபோது.

தனபாக்கியம் உறையைக் கிழித்து
பின்னட்டையைக் கண்ணுக்கருகே கொண்டுபோய் வாசித்தாள்.
"கலி, இந்தத் தடவை உன் பேரு இருக்கு.
எறும்பு மாதிரி. ஆனா இருக்கு."
மூன்றாவது பாட்டைக் கேட்பவர்கள்
கிழவனுக்கு விரல் ஓடவில்லை என்பார்கள்.
சொல்லட்டும்.

ராவுத்தர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்,
நெடுநேரம்.
பிறகு எழுந்துபோய்
மூன்று கோப்பிக்கும் காசு கொடுத்தார்.
எனக்குத் தெரிந்து அவர்
யாருடைய கோப்பிக்கும் காசு கொடுத்ததில்லை.