இல்லாத கதவுக்கு மூன்று நகல்

புலாவ் தீக்குஸ் பாசாரில் மீன் கழுவிய தண்ணீர்
என் கடை வாசல்வரை வந்து திரும்பும்.
பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்து அதைத் தாண்டி
மிஸ் ஜெனொவேவா வந்தார்,
மருத்துவமனையில் இரவுப் பணி முடித்த கண்களோடு.
கைக்குட்டையைப் பிரித்து
என் நடுவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவியை வைத்தார்.
"மூணு வேணும்."

இந்த அளவில் இப்போது கட்டை வருவதில்லை.
அரத்தால் ராவ வேண்டும்,
ஒன்றுக்கு நாற்பது வெள்ளி.
பூட்டைக் கொண்டுவாருங்கள், போட்டுப் பார்த்தே தருகிறேன் என்றேன்.
கையை நீட்டிக் காட்டினார்.
மாதா கோயிலுக்கு அந்தப் பக்கம்
பதினேழாம் மாடியில் யாரோ படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்கள்.
"அதுக்கு அடியில. காருங்க நிக்கிற இடத்தில."

ராவத் தொடங்கினேன்.
முதல் சாவி முடியும்வரை அவர் பேசவில்லை.
பிறகு நிறுத்தவில்லை.
அப்பா கட்சி: எங்கள் முதல் ஆள்
மதேரா தீவில் கப்பல் ஏறியவன்.
அத்தை கட்சி: கப்பலாவது ஒன்றாவது,
பூக்கெட்டிலிருந்து படகில் தப்பி வந்தோம்,
ஒரு பாதிரி, ஒரு பானை உப்புமீன், அவ்வளவுதான்.
இதற்காகப் பதினொரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை,
கிறிஸ்துமஸ் தவிர.
தம்பிகள் மூவரும் இப்போது பெர்த்தில்.
"அதுவும் தீவுதான். கொஞ்சம் பெரிசு."

நேரம் போக வேண்டுமே என்று கேட்டேன்,
உங்கள் பேச்சில் இதற்கு என்ன?
"சாபி."
அரம் நின்றது.
எங்களுக்கும் சாவிதான் மிஸ்.
ஜனேலா, என்றார். ஜன்னல், என்றேன்.
மேசா. மேசை.
மேஜா! என்றாள் எதிரே முட்டை அடுக்கிய ரொகாயா,
என்ன விளையாட்டென்று தெரியாமலே.
அல்மாரியில் மூன்று பேரும் ஒன்றாக விழுந்தோம்.
துவாலை, கோப்பை, சட்டைக்குப் பொத்தான்
என்று ஒரு வீடே கல்லாப்பெட்டிமேல் கூடிவிட்டது.

அப்புறம் கதவு.
அவர் போர்த்தா என்றார்.
ரொகாயா பிந்து என்றாள்.
நான் கதவு என்றேன்.
இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தோம், மெதுவாக.
பொருந்தவில்லை.
ரொகாயாவுக்கு வாடிக்கை வந்துவிட்டது.

புதியவை மூன்றும் மினுங்கின.
கொஞ்சம் கறுப்பேற்றித் தரவா, பழசுபோல இருக்கும்?
"எதுக்கு? புதுசு புதுசாவே இருக்கட்டும்."
பூட்டில் போட்டுப் பார்க்காத சாவிக்கு
முழுக் காசா என்று பேரம் வேறு.
நூறுக்கு முடிந்தது.
நான்கும் ஒரே கைக்குட்டையில்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின.

மதியம் சோற்றைப் பிசைந்தபோது
விரலெல்லாம் இரும்பு வாசம்.
சாயங்காலம் ஷட்டரை இழுத்து இறக்கினேன்.
என் கடைக்கும் கதவு கிடையாது,
பூட்டு மட்டும்தான்.