பதினொரு அடி

ஹால்பெரா அவள் பின்னங்காலைத் தூக்கி
மடக்கிப் பிடித்திருந்தாள்.
அறுபது நொடி. நான் எண்ணினேன்.
விட்டதும் "ஓடு" என்றாள்.
கயிற்றோடு சரளைப் பாதையில் ஓடினேன்.
பின்னால் கேட்டது
மூன்று குளம்பும் ஒரு தயக்கமும்.

ஜீப்பின் மூக்கில் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள்.
சாம்பல் நிறத்தில் என் மோல்டாவின் கணு.
இரண்டு சிறிய எலும்புகளுக்கு நடுவே
இருக்க வேண்டிய கறுப்புக் கோடு
பாதியில் அழிந்திருந்தது.
"ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
முழுக்க ஒட்டிவிட்டால் வலி நின்றுவிடும்."
எப்போது?
"ஒரு வருஷம். மூன்று. ஒட்டாமலும் போகலாம்.
அதுவரை சும்மா நிற்கவிடாதே.
நடை. நடை மட்டும்."

கேட்டில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
இந்த இலையுதிர்காலத்தில் குதிரைக்கறி
என்ன விலை போகிறதென்று சொன்னான்.
கெட்ட எண்ணமில்லை.
தன் சொந்தக் குதிரைக்கும்
மூக்கை உறிஞ்சியபடி இதே கணக்கைப் போட்டவன்.
அவனுக்குக் காப்பி கொடுத்தேன்,
பதில் கொடுக்கவில்லை.

கறுப்பு ரொட்டியில் குழி தோண்டி
பாகு ஊற்றி
கசப்புப் பொடியைப் புதைத்து நீட்டினேன்.
ரொட்டியைத் தின்று பொடியைத் துப்பும் வித்தையை
மூன்றே நாளில் கற்றுவிட்டாள்.
நான்காம் நாள் ருபார்ப் ஜாமுக்கு மாறினேன்.
இப்போதைக்கு நான் முன்னால் இருக்கிறேன்.

லாடக்காரர் குளம்பின் முன்விளிம்பைத் தேய்த்து உருட்டினார்,
கால் சீக்கிரம் புரளட்டும் என்று.
சேணம் வைக்குமுன் கையோடு இருபது நிமிட நடை.
ஏறுவதற்கு ஒரு மீன்பெட்டி;
தரையிலிருந்து எம்பினால் அவள் முதுகு இழுபடும்.
என் எடை என்னவென்றும் ஹால்பெரா கேட்டாள்.
நான்கு கிலோ குறைத்துச் சொன்னேன்.
அந்த நான்கு கிலோவை உண்மையாக்க
குளிர்காலம் முழுக்க ஆயிற்று.

முன்பெல்லாம் இவள் முதுகில்
ததும்பும் பீர்க் கோப்பையோடு போவேன்,
நுரைகூடச் சிந்தாது.
டோல்ட் என்போம் அந்த ஓட்டத்தை.
நான்கு கால்களும் தனித்தனியே தரையைத் தொடும்,
மேலே இருப்பவளுக்கோ
தரை என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்.
இப்போது முதல் நூறு மீட்டர்
துருப்பிடித்த கதவைத் திறப்பது போல.
பிறகு கொஞ்சம் எண்ணெய் இறங்கும்.
கதவு கதவுதான்.

மார்ச்சில் ஒரு காலை காற்று நின்றிருந்தது.
வடக்கு ஐஸ்லாந்தில் அது செய்தி.
பால்பண்ணைத் திருப்பம் தாண்டி
சாலை லேசாக இறங்கும் இடம்.
கடிவாளம் தளர்ந்துதான் கிடந்தது.
என் குதிகால் அசையவில்லை, சத்தியமாக.
எனக்கடியில் முதுகு நிரம்பியது,
ஊற்று நிரம்புவது போல.
கழுத்து உயர்ந்தது.
பிடரிமயிர் இரண்டாய்ப் பிரிந்து
என் கைகளில் விழுந்தது.
அப்புறம் அந்தச் சத்தம்,
தயக்கமே இல்லாமல்,
நான்கு, நான்கு, மூன்று.

பதினொரு அடி.

முதல் அடியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நின்றது அவளாகத்தான்.
தலையைத் தாழ்த்தி
சாலையோரத்து உறைந்த புல்லை மோந்தாள்,
ஒன்றும் நடக்காதது போல.

மாலையில் கணு சுட்டது.
வாளியில் பனி அள்ளி வந்து
வைக்கோலில் மண்டியிட்டேன்.
சாக்கில் சுற்றிய பனியை
அந்தச் சூட்டின்மேல் வைத்துப் பிடித்திருந்தேன்,
அறுபது நொடி, இன்னும் ஓர் அறுபது,
விரல்கள் என்னுடையவை அல்லாமல் போகும்வரை.
அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.
மன்னித்தாள் என்று எழுத ஆசைதான்.
குதிரை, மென்றுகொண்டிருந்தாள்.

ஹால்பெராவிடம் சொல்லவில்லை.
அந்த வெப்பம்
எலும்பு ஒட்டுவதா உடைவதா என்று
கேட்கவும் இல்லை.

நாளை நடை. நடை மட்டும்.
அந்த இறக்கம் வருமுன் கீழே இறங்கி
கையில் பிடித்துப் போவேன்.
போவேன் என்றுதான்
நினைத்துக்கொண்டிருக்கிறேன்.