ஏகமனதாக

தீர்மானப் புத்தகத்தில்
'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று
கூட்டம் தொடங்கும் முன்பே எழுதிவிடுவேன்.
பேரூராட்சிக்குப் பதினைந்து வார்டு, பதினொன்று ஆளுங்கட்சி.
மீதி நாலு பேருக்கு டீ
பத்து நிமிஷம் முந்தியே வந்துவிடும்.

அன்றைக்குப் பொருள் எண் ஒன்பது:
ஊருக்கு மேற்கே, எல்லைக் கல்லுக்கு இந்தப்புறம்,
பழைய பாறைக்குழியைத் தனியாருக்குக் குத்தகை விடுவது.
என்ன கொட்டுவார்கள் என்று தாளில் இல்லை.
வேலந்தாவளம் தாண்டி ராத்திரி ஒரு மணிக்கு
தார்ப்பாய் போர்த்தி வரும் லாரியை
நாய்களுக்குத் தெரியும்.
ஆஸ்பத்திரிப் பஞ்சு, ஊசி, கோழிக்குடல்.
விடிந்தால் கணவாய்க் காற்று
வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

கைகள் உயர்ந்தன.
ஏழாவது வார்டு நாச்சிமுத்து,
மாட்டுத்தீவனக் கடை, இருபத்தாறு வருஷக் கட்சிக்காரர்.
கை காது வரை வந்து
அங்கேயே நின்றது.
சொறிவது போலவும் இருந்தது.
தலைவர் என்னைப் பார்த்தார்.
நான் அந்தக் கையையும் எண்ணிவிட்டேன்.

மூன்றாம் நாள் நடுராத்திரி
சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
டிவிஎஸ் ஐம்பதைக் குறுக்கே போட்டு
லாரியை மறித்தவரும் அவர்தான்.
வண்டியில் கட்சிக் கொடி.
லாரி முகப்பிலும் அதே கொடி.
"சேட்டா, பார்ட்டி ஆபீஸில் பறஞ்ஞிட்டுண்டு" என்றானாம் டிரைவர்.
"நானும் பார்ட்டிதானுங்" என்றாராம் இவர்.
அதற்கு மேல் என்ன பேசுவதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லையாம்.
விடியும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து நாளில் கட்சிப் பத்திரிகையில் நாலு வரி:
கட்டுப்பாட்டை மீறி, களங்கம் விளைவித்து,
அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட
அனைத்துப் பொறுப்புகளில் இருந்தும்.
கழற்றிப் பார்த்தால்
அவருக்கு இருந்த பொறுப்பு
சுவர் விளம்பரத்துக்குச் சுண்ணாம்பு வாங்குவது ஒன்றுதான்.
யாரும் அவரோடு தொடர்பு வைக்கக் கூடாது என்றிருந்தது.
தவிட்டு மூட்டைக்கு
சம்சாரத்தை அனுப்பினார்கள்.

ஏழு மாதம். சட்டசபைத் தேர்தல் வந்தது.
யாரோ தட்டச்சு செய்த வருத்தக் கடிதத்தில்
அவர் கையெழுத்துப் போட்டார்.
சால்வை போர்த்தினார்கள். நானும் கைதட்டினேன்.
வீரர் என்று நினைத்திருந்தவர்கள் காறித் துப்பினார்கள்,
துரோகி என்றவர்கள் கட்டிக்கொண்டார்கள்.
அவர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கும்பிட்டார்.

பாறைக்குழிக்கு இப்போதும் லாரி வருகிறது.
முன்பு ராத்திரிக்கு மூன்று.
இப்போது இரண்டு.
அந்த ஒன்று ஏன் குறைந்தது என்று
என் புத்தகத்தில் எங்கும் இல்லை.

நேற்றுக் கூட்டம். அதே ஏழாவது நாற்காலி.
பொருள் எண் நான்கு, வெறும் தெருவிளக்கு.
'ஏகமன' வரை எழுதியவன்
பேனாவை நிறுத்திவிட்டு
அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.