நூறு கிராம் வலம்புரிக்காய்

முதலில் வந்தது ஒரு சிவப்பு பாட்டில்.
அமெரிக்காவிலிருந்து நாத்தனார் மங்களேஸ்வரி அனுப்பியது.
சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட வேண்டுமாம்.
அவள் ஜன்னலில்
காற்றில் நின்றபடியே குடிக்குமாம்
கட்டைவிரல் அளவுக் குருவி.

புதுவயலில் அந்தக் குருவி கிடையாது.
இங்கே காற்றில் நிற்பது
அரிசி மில்லின் உமிச்சாம்பல் ஒன்றுதான்.
மூன்றே நாளில் பாட்டில் முழுக்கக் கட்டெறும்பு.

நெல் வண்டிக்கு எடைச்சீட்டு எழுதுகிறவள் நான்.
வராததை வரவில் எழுதிப் பழக்கமில்லை.

மில் வேலியோரம் ஆடாதோடை,
ஆடு தொடாததால் பிழைத்த செடி.
அதன் வெள்ளை வாய்க்குள் தலையை விட்டிருந்தான்
கரிய பொடியன் ஒருவன்.
வெயில் பட்டதும்
மயில் கழுத்தாகி மறுபடி கரியானான்.
"தேன்சிட்டுக்கா, எப்பவும் கெடக்கிறதுதான்"
என்றான் மூட்டை தூக்கும் சூசை.
எப்பவும் கிடப்பதை
நாற்பத்தோரு வயதில் பார்த்தேன்.

நர்சரியில் சிங்கப்பூர் இட்லிப்பூ இருந்தது.
நாட்டு வெட்சி?
"அது காட்டுல நிக்கும், அதை யாரு விப்பா?"
கண்மாய்க் கரையில் ஒரு குச்சி ஒடித்தேன்.
ஆடாதோடைக்கு மூன்று குச்சி.
வலம்புரிக்குத்தான் காரைக்குடிக்கு பஸ் ஏறினேன்,
நாட்டு மருந்துக் கடைக்கு.

"நூறு கிராம் வலம்புரிக்காய்."
"கைப்பிள்ளைக்கா? உரசிக் குடுக்க ஒண்ணு போதுமே."
"பிள்ளை இல்லை. குருவிக்கு."
தராசிலிருந்து கண்ணை எடுத்தார்.
என்ன நினைத்தாரோ,
நிறுத்ததற்கு மேலே
ஒரு கை அள்ளிப் போட்டார்.

செம்புறாங்கல் பூமி.
கடப்பாரை போட்டால் மணி அடித்துத் திரும்பும்.
குழி முழங்கால் ஆழம் போக நாலு ஞாயிறு.
முறுக்கிய காயை உடைத்து
சுடுதண்ணீரில் ஓர் இரவு விதையை ஊறப்போட்டேன்.
முப்பதில் முளைத்தது நாலு.
ஒன்றை ஆடு தின்றது.

சென்னையிலிருந்து வீட்டுக்காரர் போன்:
"கொல்லையில காடு வளக்குறீங்களாமே?"
ஆமாம் என்றேன்.
அப்புறம் அவருக்கும் பேச்சு இல்லை, எனக்கும் இல்லை.

இரண்டாம் சித்திரையில் வெட்சி சிவந்தது.
ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூ.
அவனும் களவுக்குத்தான் வந்தான்.
வாசல் இருக்க
குழலின் அடியில் ஓட்டை போட்டு
தேனை மட்டும் எடுத்துக்கொண்டு,
பூவுக்கு ஒரு வேலையும் செய்யாமல்.
நான் யார் கேட்க.

ஸ்கூட்டி கண்ணாடியில் இன்னொருவன் இருப்பதைக் கண்டுபிடித்தான்.
விடிந்ததிலிருந்து சண்டை.
திருநாவுக்கரசின் பழைய சாக்ஸை
இரண்டு கண்ணாடிக்கும் மாட்டினேன்.
மறந்து அப்படியே மில்லுக்குப் போனேன் ஒரு நாள்.
சூசை ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் கூச்சமாக இருந்தது.

அவள் வந்தது தை கடைசியில்.
மங்கல் நிறம், காரியக்காரி.
துணிக்கொடியில் கூடு:
சிலந்தி நூல், சணல், உமி,
எடைச்சீட்டின் கிழிசல் ஒன்று,
என் கையெழுத்தில் ஒரு ஐந்து மட்டும் தெரிய.
எதன் ஐந்து என்று
ஏணி போட்டுப் பார்க்கவில்லை.
ஒன்றரை மாதம் எங்கள் வீட்டு லுங்கியும் நைட்டியும்
தெருப்பக்கக் கிரில்லில் காய்ந்தன.

புரட்டாசியில் அவனைக் காணோம்.
வேறெவனோ வந்தான், மஞ்சளாய், அழுக்காய்,
தொண்டையில் ஒரு கருங்கோட்டோடு.
விரட்டப் பார்த்தேன்.
அந்தப் பழைய ஓட்டைகளுக்கே
நேராய்ப் போனபோது புரிந்தது
சட்டை மாற்றியிருக்கிறான் என்று.

வலம்புரி மூன்றும் இடுப்புயரம்.
இன்னும் பூக்கவில்லை.

போன வாரம் தேவகோட்டை பஸ்ஸில்
மருந்துக் கடைக்காரர் பின் சீட்டிலிருந்து எட்டி,
பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்:
"ஏம்மா, அந்தக் குருவிக்கு
இப்ப வயிறு தேவலையா?"